கடுகு, புளி, ரசம்

அவன் வாயைத் திறந்தான். அவள் ஓர் உருண்டை வைத்தாள்.

இருபத்தொரு வயது. ஆறடி மூன்று அங்குலம். வலது கை தோளோடு சேர்த்துக் கட்டிக் கிடக்கிறது. இடது கையால் ஸ்பூன் பிடித்துப் பார்த்தான். பாதிச் சோறு மடியில். தட்டை அம்மா பக்கம் தள்ளிவிட்டான். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து பிசைய ஆரம்பித்தாள்.

பருப்புச் சோறு. நெய் கொஞ்சம் தாராளம்.

தோள் சேர்ந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தலை வாரலாம், கார் ஓட்டலாம்.

பந்து எறிய முடியாது.

அதைச் சொல்லும்போது அந்த மனிதர் எக்ஸ்ரேயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒஹாயோவில் அவன் படிக்கிற கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு, மூன்று வருடமாக நெடுமாறன்தான் குவார்ட்டர்பேக். பந்து முதலில் அவன் கைக்கு வரும். யாருக்கு எறிவது, எப்போது எறிவது, எல்லாம் அவன் வாய்ச்சொல். எதிராளிகள் நிற்கிற நிலையைப் பார்த்துவிட்டுக் கடைசி நொடியில் ஒரு ரகசிய வார்த்தையைக் கத்துவான். திட்டம் மாறிவிடும். எல்லா அணிக்கும் அப்படி வார்த்தைகள் உண்டு. அவனுடைய வார்த்தைகள் இந்த அடுக்களையிலிருந்து போனவை.

கடுகு என்றால் கிட்டத்து எறி. புளி என்றால் வலப்பக்கம் ஓட்டம். ரசம் என்றால் மைதானத்தின் அந்தக் கோடிவரைக்கும்.

நாற்பதாயிரம் பேர் கூடிய இடத்தில் அவன் ரசம் என்று கத்தும்போது அவள் ஒருத்திக்குத்தான் சிரிப்பு வரும்.

போன சனிக்கிழமை வரவில்லை.

கடுகு என்று அவன் வாய் மூடுமுன் எதிராளிகள் கிட்டே வந்து நெருக்கினார்கள். புளி என்றான், வலப்பக்கம் சுவர் மாதிரி ஆட்கள். கடைசியில் ரசம் என்றான். தூரத்து ஆள் ஓடிச் சேரட்டும் என்று கையை ஓங்கியபடி ஒரு மூச்சு நேரம் நின்றான். அந்த ஒரு மூச்சு அவன் நிற்பான் என்று நான்கு பேருக்குத் தெரிந்திருந்தது.

பெரிய அணிகளிலிருந்து அவனைப் பார்க்கவென்று வந்திருந்த மூன்று பேரும், ஆம்புலன்ஸ் கிளம்புவதற்கு முன்பே எழுந்து போய்விட்டார்கள்.

“டெவின்தாம்மா,” என்றான் இப்போது, சோற்றை ஒதுக்கிக்கொண்டு. “அவன விட்டா வேற யாரு வெளிய சொல்லியிருப்பா?”

டெவின், முன்னால் குனிந்து நின்று, பந்தைக் கால்களுக்கிடையே அவன் கைக்குத் தருகிறவன். அறைத்தோழன். இதே மேஜையில் உட்கார்ந்து அந்த வார்த்தைகளை மனப்பாடம் செய்தவன். கடுகு அவன் வாயில் கடூகூ. ரசத்தை டம்ளரில் வாங்கி ஒரே மடக்காகக் குடித்துவிட்டு, கண்ணில் நீர் வழிய, அந்த எறிக்கு இதுதான் சரியான பெயர் என்று சொன்னவன்.

அணியில் எல்லார் முன்னாலும் நெடுமாறன் அவனைத் துரோகி என்றானாம். டெவின் இல்லை என்று ஒரே ஒரு தடவை சொன்னானாம். அப்புறம் சாமான்களைக் கட்டிக்கொண்டு அறையைக் காலி செய்துவிட்டானாம். மூன்று மணிக்குக் கோச் கூப்பிடுவார். முறைப்படி பெயரைச் சொன்னால் டெவினின் உதவித்தொகை நின்றுவிடும். படிப்பும் அதோடு சரி. அவன் அம்மா பள்ளிக்கூடத்து பஸ் ஓட்டுகிறவள்.

இவ்வளவையும் உருண்டைக்கு உருண்டை நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

மணி மூன்றாகப் பத்து நிமிடம் இருந்தது.

நேற்று செண்பகா போன் செய்திருந்தாள். எதிரணிக் கல்லூரி இருக்கிற ஊர்க்காரி. ஆகஸ்டில் ஒரு வளைகாப்பில், சாப்பாட்டு வரிசையில் பின்னால் நின்றுகொண்டு, “பந்து எறியப் போய்ட்டானாமே உங்க பையன், படிப்பு ஏறலையோ?” என்று கேட்டவள்.

அது சுட்டுவிட்டது.

என் பிள்ளை ஆட்டத்தையே தமிழில்தான் நடத்துகிறான், தெரியுமா என்றாள் இவள். அவர்கள் நம்பாமல் சிரித்தார்கள். தயிர்ச்சாதத்தில் கிடந்த கடுகைத் தொட்டுக் காட்டினாள். புளியோதரையைக் காட்டினாள். இது இந்த எறி, அது இந்த ஓட்டம். ரசத்துக்கு வந்தபோது வரிசையே கைதட்டியது.

செண்பகா அதை ஒரு வேடிக்கையாகத் தன் மகனிடம் சொல்லியிருக்கிறாள். மகன் அறைத்தோழனிடம். அந்த அறைத்தோழன் எதிரணியில் ஆடுகிறவன்.

“மாறன்கிட்ட சொல்லிராதீங்கக்கா,” என்று அழுதாள். “நானும் மூச்சு விடமாட்டேன்.”

இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

டெவினைத் தவிர.

ஏம்மா பேசவே மாட்டேன் என்கிறாய் என்று நெடுமாறன் கேட்டான். தன்மேல் கோபமா என்றும் கேட்டான்.

“சாப்டுய்யா,” என்றாள்.

என்ன வருகிறது என்று பார்க்காமலே வாயைத் திறந்தான்.

போன் மேஜையில் கிடந்து அதிர்ந்தது. அதிர்ந்தபடியே தட்டை நோக்கி நகர்ந்தது. கோச்சின் பெயர்.

காதில் வை என்பதுபோல் தலையைச் சாய்த்துக் கொடுத்தான்.

அவள் தட்டில் மிச்சமிருந்த சோற்றையெல்லாம் ஒன்றாகத் திரட்டினாள். பெரிய உருண்டை. வாய் கொள்ளாது. வைத்து அழுத்தினாள். அவன் கன்னம் புடைத்தது. என்னம்மா என்று கண்ணால் கேட்டான்.

இடது கையால் போனை எடுத்துத் தன் காதில் வைத்தாள்.

நெடுமாறனின் அம்மா பேசுகிறேன் என்றாள், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

அவன் மென்றுகொண்டிருந்தான்.

விழுங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும்.