சத்தம் நிறுத்திய பாட்டு

தென்காசி நெல் கிட்டங்கியின் ஜன்னல்களில் சாக்கைக் கட்டி, மத்தியானத்திலேயே இருட்டாக்கிப் படம் போட்டிருந்தார்கள்.

புளியறையில் டூட்டி என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்த கான்ஸ்டபிள் பிச்சைமணி, வேட்டி துண்டோடு ஆண்கள் பக்கம் உட்கார்ந்து, படத்தைப் பார்க்காமல் ஆட்களைப் பார்த்தான்.

பாடகி குழல்வாய்மொழியின் வாழ்க்கைக் கதை அது. அவளைச் சிறைக்கு அனுப்பிய சுதந்திரப் பாட்டும் படத்தில் உண்டு. ஜெர்மன்காரனோடு சண்டை தொடங்கியபின் வெள்ளைக்காரச் சர்க்கார் அந்தப் பாட்டைத் தடை செய்துவிட்டது. அந்த இடத்தில் சத்தத்தை நிறுத்திவிட வேண்டும் என்று உத்தரவு.

யாராவது வாயைத் திறந்தால் பிடித்துக்கொடுப்பது பிச்சைமணியின் வேலை.

முன்னால் இருந்த எண்ணெய்க்கடை பரீது இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். சந்தேகப்பட்டான். சங்கரபாண்டி வாத்தியார் சட்டைப் பைக்குள் கையை விட்டார். பொடி டப்பாதான் வந்தது. பக்கத்தில் இருந்தவர் சும்மாவே இருந்தார். அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

அந்தக் கட்டம் வந்தது. திரையில் குழல்வாய்மொழியின் உதடு அசைந்தது. சத்தம் நின்றது.

ஓட்டில் சாரல் விழுவது கேட்டது.

அப்போது தட்டிக்கு அந்தப்புறம், பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் எழுந்தது. அவசரமில்லாமல், திரையில் அசைந்த உதட்டுக்குச் சரியாக, கடைசி அடிவரை பாடியது.

ஒருவரும் திரும்பவில்லை.

பிச்சைமணி மட்டும் எழுந்தான். எழுந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அது அவனுக்குத் தெரிந்த குரல்.

படம் முடிந்ததும், முந்தாநாள்தான் பாளையங்கோட்டையிலிருந்து மாற்றலாகி வந்த சப்-இன்ஸ்பெக்டர், வெளியிலிருந்தே பாட்டைக் கேட்டுவிட்டு, வாசலை மறித்து நின்றார். பெண்களை ஒவ்வொருவராக வரவிட்டு, ஆளுக்கு ஒரு அடி பாடச் சொன்னார். குரலைக் கண்டுபிடிக்க பிச்சைமணியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

தங்கபுஷ்பம் டீச்சர் திக்கித் திக்கிப் பாடினாள். அவளில்லை. ஜாஹிரா பீவி அழுதே விட்டாள். அவளும் இல்லை.

ஒன்பதாவதாக, தோளில் தூங்கும் பிள்ளையோடு ஒருத்தி வந்தாள். பாடச் சொன்னதும் வாயை இறுக்க மூடிக்கொண்டு பிச்சைமணியை நேராகப் பார்த்தாள்.

சப்-இன்ஸ்பெக்டரின் பார்வை அவளிடமிருந்து இவனுக்கு வந்தது.

"ஏலே, இவதானா?"

"இல்ல எசமான். இவளுக்குப் பாடவே வராது."

"அது ஒனக்கு எப்படிலே தெரியும்?"

பிச்சைமணி துண்டை எடுத்து, பிள்ளையின் தலையில் தெறித்திருந்த சாரலைத் துடைத்துவிட்டான்.

"எம் பொஞ்சாதி, எசமான்."