பிடுங்கிப் பிடுங்கி நட்ட நாற்று

இரண்டு நாள் தங்க வந்த பட்டணத்துக் குடும்பம் ஒன்று, வயல்காரரிடம் ஆசையாகக் கேட்டு வாங்கி ஒரே ஒரு நாற்றை நட்டது. சேறு குளுகுளுவென்று இருந்தது. "அப்பாடா, வந்து சேர்ந்தாச்சு" என்று நாற்று வேரை நீட்டியது.

"போட்டோவுல கண்ணை மூடிட்டேன்" என்றார் அப்பா. பிடுங்கி மறுபடி நட்டார்கள்.

"என் சேலைக் கரை தெரியல" என்றாள் அம்மா. பிடுங்கினார்கள். மகளுக்கு முடி முகத்தில் விழுந்துவிட்டதாம். அதற்கும் பிடுங்கினார்கள்.

"நடுறதா இருந்தா நடுங்க, இல்லாட்டி விட்டுத் தொலைங்க!" என்று நாற்று கத்தியது.

வரப்பில் உட்கார்ந்திருந்த தவளை, "ஏன் கத்துறே? படத்துல பச்சைப்பசேல்னு அழகாத்தான் இருக்கே" என்றது.

"படத்துலயா நான் கதிர் விடுறது?"

வெயில் ஏறியது. நடுவதுபோல் குனிந்து எடுத்த கடைசிப் படம் எல்லோருக்கும் பிடித்துப் போனதும், கையிலிருந்த நாற்றை அப்பா வரப்பிலேயே போட்டுவிட்டு வாய்க்காலில் கை கழுவினார். காரில் ஏறியவர் கண்ணாடியை இறக்கி வயல்காரரிடம் சொன்னார்:

"நாங்க நட்டது, பாத்துக்கங்க. அறுவடையானதும் ஒரு மூட்டை அனுப்பி வைங்க."

வேர் காயக் கிடந்த நாற்று, "யோவ், முதல்ல என்னை நட்டுட்டுப் போய்யா!" என்று அலறியது.

அதற்குள் கார்க் கண்ணாடி ஏறிவிட்டது.