நடுவில் விட்ட மூச்சு

“விளக்கேத்தும் வேளையிலே போ…” என்று சட்டென்று நின்றது திரைக்குப் பின்னாலிருந்து வந்த குரல். ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு, “…காதே” என்று முடித்தது.

நடுவர் நாற்காலியில் இருந்த அரை மார்க் அம்மாவின் கையிலிருந்து பேனா நழுவியது. வந்துவிட்டாள். மகள் வந்தேவிட்டாள்.

அது அரை மார்க் அம்மாவே ஒரு காலத்தில் பாடிப் பேர் வாங்கிய பாட்டு. நடுவருக்கு ஐஸ் வைக்கலாம் என்று அன்றைக்கு ஏற்கெனவே மூன்று பேர் அதைப் பாடிவிட்டுப் போயிருந்தார்கள். ஆனால் ‘போகாதே’யை அந்த இடத்தில் இரண்டாக உடைத்து மூச்சு விடுகிறவள் உலகத்தில் ஒருத்திதான்.

குரல் மட்டும் கொஞ்சம் தடித்திருந்தது. வீட்டை விட்டுப் போய் வருஷக்கணக்காகிறதே, தடிக்காதா? பெற்ற மனசு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டது.

நேரலையில் பாடுகிற குரலுக்கான விருது அது. மார்க் போட்டு முடிக்கிறவரை பாடுகிறவர் திரைக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். முகம் பார்த்து மார்க் போட்டுவிடக் கூடாதாம், அவ்வளவு நியாயஸ்தர்கள்! நடுவர்கள் கண்ணில் தண்ணீர் வருகிறதா என்று மட்டும் மூன்று கேமராக்கள் கழுகு மாதிரி காத்துக் கிடந்தன.

மூச்சு பிசகினால் அம்மா அரை மார்க்கை வெட்டிவிடுவாள். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். இதுவரை யாருக்கும் பத்துக்குப் பத்து போட்டதில்லை. வீட்டில் பாட்டுச் சொல்லிக்கொடுத்த காலத்தில் மகளிடம் மட்டும் மார்க்கோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

“‘போ’ன்னு நிறுத்திட்டு ‘காதே’ங்கறியே, கேக்கறவன் காது போகணுமாடி?”

“மூச்சு பத்தலைம்மா.”

“ஊருக்கெல்லாம் பத்துது, உனக்கு மட்டும் பத்தாதா? சாக்கு!”

பாட்டு கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். “உனக்கு மகள் வேணாம்மா, மார்க்தான் வேணும்” என்றாள் மகள். வந்த ஆத்திரத்தில் கதவைக் கைகாட்டி, “போ!” என்றாள் அம்மா. ‘காதே’யைத் தானும் விழுங்கிவிட்டோம் என்று உறைத்தபோது மகள் தெருமுனையைத் தாண்டியிருந்தாள். போன் நம்பரையும் மாற்றிவிட்டாள்.

பாடுகிறவள் என்றைக்காவது இந்த மேடைக்கு வந்துதானே தீர வேண்டும்? அந்த ஒரு நப்பாசையில்தான் இந்த நாற்காலியில் உட்காரவே ஒப்புக்கொண்டாள்.

பக்கத்து நாற்காலி இசையமைப்பாளர் குனிந்து, “அக்கா, வார்த்தை நடுவுல மூச்சு விட்டுடுச்சு, கவனிச்சீங்களா? அரை மார்க் காலி!” என்று கண்ணடித்தார்.

“விடட்டும் தம்பி. மூச்சு விடாம மனுஷன் இருக்க முடியுமா?”

இசையமைப்பாளர் வாயைப் பிளந்தார். “என்னக்கா, உடம்பு ஏதும் சரியில்லையா?”

பத்து என்று எழுதிப் பலகையைத் தூக்கிப் பிடித்தாள். அரங்கமே எழுந்து கூச்சல் போட்டது. “அரை மார்க் அம்மா இன்னிக்கு முழு மார்க் அம்மா!” என்று தொகுப்பாளன் மைக்கில் அலறினான்.

திரை ஏறத் தொடங்கியதுதான் தாமதம், அவள் மேடைப் படியில் கால் வைத்துவிட்டாள். “மேடம், உக்காருங்க! இன்னும் ரெண்டு பேர் பாடணும்!” என்று கீழேயிருந்து யாரோ கத்தினார்கள். எந்தக் காதில் விழும்?

முதலில் செருப்பில்லாத கால்கள் தெரிந்தன. மகளும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பாடுவாள். பிறகு மைக்கை இறுக்கிப் பிடித்த கை. பிறகு முகம்.

முன்பின் பார்த்திராத முகம்.

“நீ… யாரும்மா?”

அந்தப் பெண் மிரண்டாள். “தப்பாப் பாடிட்டேனா மேடம்?”

“அந்த இடத்துல மூச்சு விட யாரு சொல்லிக் குடுத்தா?”

“ஹாஸ்டல்ல என் பக்கத்துக் கட்டில் அக்கா, மேடம். எந்நேரமும் இந்தப் பாட்டுதான். ‘நீ அந்த மேடைக்குப் போனா இதை இப்படியே பாடு. ஒருத்தங்க அரை மார்க் வெட்டுவாங்க. வெட்டினா அதுதான் எங்கம்மா’ன்னாங்க.” பலகையிலிருந்த பத்தை எட்டிப் பார்த்தாள். “நீங்க வெட்டலையே மேடம்.”

அரை மார்க் அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கள்ளி! நேரில் வர ரோஷம், தோழியைத் தூது அனுப்பியிருக்கிறாள். அம்மாவுக்குத் தப்பாத பிடிவாதம். மேடையின் ஓரத்தைக் கண்ணால் துழாவினாள். கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“கேமரா ரெண்டு, அம்மா மூஞ்சிக்கு வா… இன்னும் கிட்ட!” என்றது கீழேயிருந்து ஒரு குரல்.

“எங்க அவ? உள்ளே ஒளிஞ்சு நிக்கறாளா? வரச் சொல்லு. எங்க வேணாலும் மூச்சு விட்டுக்கச் சொல்லு, அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன். கூட்டிட்டு வா கண்ணு, போ!”

அந்தப் பெண் நகரவில்லை. மைக்கைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

“அக்காவுக்கு நிஜமாவே மூச்சு பத்தலை மேடம். போ…”

ஒரு மூச்சை இழுத்துக்கொண்டாள்.

“…யிட்டாங்க.”