முகில் நிழல்

“இது குளமில்லை, முகிலின்ர நிழல். திருத்திக்கொண்டு வாங்கோ.”

சுகந்தா முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னாள். சஜீவன் தலையாட்டிவிட்டுத் தன் இருக்கைக்குத் திரும்பினான்.

ஷார்ஜா ரோலாவில், பணம் அனுப்பும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த வரைபட அலுவலகம். வெளியே 2005 ஜூலை வெயிலில் தார் உருகிக்கொண்டிருந்தது. உள்ளே, கனடாவின் வடகோடியில் மரமே முளைக்காத பனிச் சமவெளியைச் செயற்கைக்கோள் எடுத்த படங்களில், ஏரிகளுக்கும் சதுப்பு நிலங்களுக்கும் கரை வரைந்துகொண்டிருந்தார்கள். வரைவது சஜீவன், சரிபார்ப்பது சுகந்தா. இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அதற்காக அவள் சலுகை எதுவும் காட்டியதில்லை.

“என்ன மக்கா, இன்னைக்கும் பெயிலா?” பக்கத்து இருக்கை ஜஸ்டஸ் சிரித்தான். அவன் குளச்சல்காரன். “எங்க படத்தையெல்லாம் ஒரே பார்வையில பாஸ் பண்ணுதாவ. உனக்கு மட்டும் என்னடே?”

“எனக்குக் கண் சரியில்லைப் போல,” என்றான் சஜீவன்.

மத்தியானம் மறுபடி போனான். “இந்தச் சதுப்பு வடக்கால கொஞ்சம் கூடிப்போச்சு,” என்றாள். சாயங்காலமும் போனான். “இந்தக் கரை வளைவு வடிவாயில்லை.” பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் விரல் காட்டிய இடத்தையெல்லாம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டான்.

வியாழக்கிழமை மேலாளர் கோபாலசாமி இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

“சஜீவன், இந்த மாசம் உங்க படம் ஒண்ணுகூட முதல் தடவையில பாஸ் ஆகலை. கத்தார்ல, ராஸ் லஃபான் சைட்டுக்கு ஆள் கேக்கறாங்க. வெயில்ல நின்னு நிலம் அளக்கிற வேலை. நாளன்னைக்குக் கிளம்பிடுங்க.”

சுகந்தாவின் முகம் வெளுத்தது.

“சேர்... அவரை அனுப்பாதேங்கோ. அவரின்ர படத்தில ஒரு பிழையும் இல்லை.”

“அப்புறம் ஏம்மா திருப்பித் திருப்பி அனுப்பினே?”

அவள் குனிந்து துப்பட்டா நுனியை முறுக்கினாள். கோபாலசாமிக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் இருமிக்கொண்டே, “போங்க, ரெண்டு பேரும் போய் வேலையைப் பாருங்க,” என்றார்.

வெளியே வந்ததும் அவள் கண் கலங்கியது. “மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஒண்டுமில்லாததுக்கு உங்களை எத்தினை தரம் திருத்த வைச்சிட்டன்.”

“திருத்தினதோ?” சஜீவன் சிரித்தான். “நான் ஒருநாளும் ஒண்டையும் திருத்தேல்லை. அதே படத்தைத்தான் திரும்பத் திரும்பக் கொண்டு வந்தனான். நீங்கள் படத்தைப் பாத்திருந்தால் தெரிஞ்சிருக்குமே!”