பெட்டிக்கு வந்த மவுசு

"இந்த நாப்பது வருசத்துக் கம்ப்யூட்டர காயலாங்கடைல போட்டுட்டு வந்தாத்தான் உனக்கு நாஸ்தா!" என்றாள் பிரபா.

தணிகைவேலு பதறிப்போனான். "ஐயோ, இதுக்கு மவுசு வரப்போவுதாம்மே! வாட்ஸ்அப் குரூப்பு பூரா அதே பேச்சு."

மவுசு என்றதும் பிரபா அடங்கிப்போனாள். மறுநாளிலிருந்து பெட்டியை அவளே துடைத்துவைத்தாள். திருக்கழுக்குன்றத்து அண்ணியிடம், "வித்தா வளையலே வாங்கலாம்" என்று பீற்றியும் வைத்தாள்.

ஒருநாள் கொரியர் வந்தது.

"பிரபா, மவுசு வந்துட்ச்சி!"

அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். தணிகைவேலுவின் உள்ளங்கையில், ஒயர் தொங்க ஒரு மவுஸ்.

"இந்த மாடலுக்கு மவுஸே கெடையாது. இப்பதான் எவனோ புச்சா செஞ்சிக்கீறான்!"

பிரபா நேரே வாசலுக்குப் போனாள்.

"பழைய இரும்பு அண்ணாத்த, நில்லு! மவுசோட ஒண்ணு கீது, எடுத்துக்கோ!"