பீரோவுக்குள் ஒரு பள்ளிக்கூடம்

“இந்தாம்மா, இந்த பெஞ்ச் என்ன உங்க வீட்டுச் சொத்தா? பன்னெண்டு வாரமா வந்து உக்காந்துட்டே இருக்கீங்க. எந்திரிச்சுப் போங்க. பீரோ திறக்க மாட்டேங்குதுன்னு சாரே கொதிச்சுப் போய் இருக்காரு.”

குமாஸ்தா எரிந்து விழுந்தார். அடுத்த மாதம் ரிட்டயர் ஆகப்போகிற மனுஷன். போகிற காலத்திலாவது நாலு பேரிடம் நல்ல பெயர் வாங்கக் கூடாதோ? ஆபீசே வேடிக்கை பார்க்க இப்படித்தான் வாராவாரம் அவளை விரட்டுவார்.

பூட்டுக்காரம்மா எழுந்திருக்கவில்லை. பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

இருபது வருடமாகப் பூட்டு ரிப்பேர் செய்கிறவள். அந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுக்க ஒரு தொழிற்பள்ளி தொடங்கவேண்டும் என்று கடையைக் கூட மூடிவிட்டு இடம் பிடித்திருந்தாள். சுண்ணாம்பு அடித்தாயிற்று. பலகை பலகையாகப் பூட்டுகளைத் திருகி மாட்டியாயிற்று. பதினெட்டுப் பேர் சேர்வதாகப் பெயரும் கொடுத்துவிட்டார்கள். பாக்கி இருந்தது அனுமதி கொடுக்கும் அதிகாரியின் ஒரே ஒரு கையெழுத்து.

அதைத்தான் அவர் போடமாட்டேன் என்றார். பூட்டைத் திறக்கப் படிப்பு, அதற்கு அரசாங்க சர்ட்டிபிகேட் வேறா, நாளைக்குத் திருடனெல்லாம் அதைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டு வந்து நிற்பான் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அன்று பீரோவுக்குள் போன ஃபைல்தான். போனவாரம்கூட அதையே சொல்லி அனுப்பினார்.

இனி அடுத்த வாரம் என்று ஒன்று கிடையாது. இந்த வருட அனுமதிக்கு இன்றைக்கு ஐந்து மணியோடு கெடு முடிகிறது. தவறினால் இன்னும் ஒரு வருடம். இடமும் போய்விடும், பதினெட்டுப் பேரும் போய்விடுவார்கள்.

உள்ளே அதிகாரிக்கு வேறு கவலை. ஐந்து மணிக்கு ஜீப் வரும். அனுமதி கொடுத்த ஃபைல்களையெல்லாம் அதில் ஏற்றி, தலைமை அலுவலகத்தில் ஒப்படைத்தாக வேண்டும். ஃபைலும் முத்திரையும் பீரோவுக்குள். சாவியோ பாதி துவாரத்தோடு நின்றுவிடுகிறது. வாட்ச்மேன் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார், கடைசியில் ஒரு உதையும் விட்டார். பீரோ அசையவில்லை, அவர் கால்தான் வீங்கியது. உடைக்கலாம் என்றால், அரசாங்க பீரோவை உடைக்க நாலு மேலதிகாரிகளின் கையெழுத்து வேண்டுமாம்.

மணி நாலு. அதிகாரி அரை மனதாகக் கதவுப் பக்கம் பார்த்தார். வெளியே பெஞ்சில் ஒரு அம்மா இருக்கிறார்களே என்று இழுத்தார்.

குமாஸ்தா குறுக்கே விழுந்து மறித்தார்.

“வேணாம் சார். அந்தம்மாவைக் கூப்பிட்டா, திறந்ததும் கையெழுத்துப் போடுங்கன்னு பேரம் பேசுவாங்க. நீங்களும் இளகின மனசு, போட்டுத் தொலைச்சிருவீங்க.”

அதிகாரிக்குச் சுருக்கென்று வந்தது. தனக்கு யாரும் புத்தி சொல்லத் தேவையில்லை என்று கத்திவிட்டு, அவரே எழுந்து வெளியே வந்தார்.

“அம்மா, அதைத் திறந்து குடுத்துடுங்க. உங்க ஃபைல்ல முதல் கையெழுத்துப் போடறேன். போதுமா?”

அவள் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். டார்ச் அடித்துப் பார்த்தாள். மெல்லிய கொக்கிக் கம்பியை உள்ளே விட்டாள். ரெண்டு நிமிஷத்து வேலைதான், தள்ளி நில்லுங்க சார் என்றாள்.

ரெண்டு நிமிஷம் பத்தானது, பத்து இருபதானது. எண்ணெய் விட்டாள், கம்பியை மாற்றினாள், பூட்டோடு காதை வைத்து முணுமுணுத்தாள். நெற்றியில் வேர்வை ஊற்றியது. நாலு முப்பத்தைந்துக்குக் கம்பியை வெளியே இழுத்து, அதன் நுனியையே உற்றுப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து குமாஸ்தாவை ஒரு முறை முறைத்தாள். எரித்துவிடுகிற முறைப்பு. அவர் சட்டென்று மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். பேரம் பேசுவாள் என்று சொன்னது அவள் காதில் விழுந்திருக்கும், பாவம், யாருக்குத்தான் கோபம் வராது என்று அதிகாரி நினைத்துக்கொண்டார்.

நாலு ஐம்பதுக்கு ‘டக்’கென்று ஒரு சத்தம். கதவு திறந்துகொண்டது. ஆபீசே கை தட்டியது.

சொன்ன சொல் மாறாமல் அதிகாரி அவள் ஃபைலைத்தான் முதலில் உருவினார். கையெழுத்துப் போட்டு, அனுமதிக் கடிதத்தில் முத்திரையையும் குத்திக் கொடுத்தார். கையில் இவ்வளவு வித்தை இருக்கிறதே, இதையெல்லாம் நாலு பேருக்குச் சொல்லித்தர வேண்டாமா என்று, பன்னிரண்டு வாரமாகத் தான்தான் அவளைக் கெஞ்சிக்கொண்டிருந்த மாதிரி கடிந்துகொண்டார் வேறு. பூட்டுக்கு என்னதான் ஆச்சு என்று கேட்டதற்கு, பழசு சார், உள்ளே அழுக்குச் சேர்ந்துபோச்சு என்றாள் அவள். கடிதத்தைப் பைக்குள் வைக்கும்போது அவளுக்கு அழுகை வந்தது. யாரும் பார்க்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தபோது குமாஸ்தாவும் வந்து சேர்ந்தார். நாலு அடி தள்ளி நின்றார். ஆபீஸ்காரர்கள் யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு மெல்ல நகர்ந்து நகர்ந்து அவள் பக்கத்தில் வந்தார். காலையில் எரிந்து விழுந்த அந்தக் குரல் எங்கே போனதென்றே தெரியவில்லை.

“டீச்சர், நான் பாஸா?”

பூட்டுக்காரம்மா பல்லைக் கடித்தாள்.

“ஏதோ போனா போகுதுன்னு பாஸ் போடறேன். சாவித் துவாரத்துல தீக்குச்சியை மட்டும் ஒடிச்சு வைங்கன்னுதானே சொல்லிக்குடுத்தேன், பசையை யாரு ஊத்தச் சொன்னது?”