செருப்பைக் கழட்டிட்டு வாங்க

“செருப்பு, ஷூ எல்லாத்தையும் இங்கனயே கழட்டிருங்கம்மா. உள்ள சாமி இருக்கு.”

வழிகாட்டியாக வந்த அழகுமலை குகை வாசலில் நின்று இப்படிச் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாச்சலூரிலிருந்து காப்பித் தோட்டம் வழியாக இரண்டு மணி நேரம் ஏறி வந்தது சாமி கும்பிடவா? நான் வந்தது வாலில்லாச் சாட்டைத்தேளைப் பார்க்க. பாதி தேள், பாதி சிலந்தி மாதிரி இருக்கும். கல்லூரியில் இருபது வருஷமாக விலங்கியல் நடத்துகிறேன். ஸ்பிரிட் பாட்டிலுக்குள் அது வெளுத்துப்போய்க் கிடப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். ரிட்டயர் ஆவதற்குள் ஒன்றையாவது உயிரோடு பார்த்துவிட வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

வாசலில் ஒரு கல். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது.

“சாட்டைத்தேளுக்குக் கொடுக்கு கிடையாது, விஷமும் கிடையாது. பாவப்பட்ட ஜீவன். அதைப் போய்ச் சாமின்னு சொல்லிப் பயமுறுத்தறீங்களே அழகுமலை.”

“இங்க அப்படித்தாங்கம்மா வழக்கம்.”

என் கணவர் ராஜமுருகன் அதற்குள் ஷூவைக் கழற்றி, சாக்ஸையும் அதற்குள் திணித்துவிட்டார். “கழட்டேன் சுசித்ரா. சாமி இல்லேன்னாலும் காலுக்குக் காத்தாவது படும்.”

“முடியாது. நானே இதுக்கெல்லாம் தலையாட்டினா, நாளைக்குப் பிள்ளைங்களுக்கு என்னத்தைச் சொல்லிக் கொடுக்கிறது?”

அழகுமலை என் ஷூவையே கொஞ்ச நேரம் பார்த்தார். “சரிங்கம்மா. பைய வாங்க,” என்றார்.

எங்களுக்கு முன்னாலேயே பனி உள்ளே போயிருந்தது. எங்கேயோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பேச்சு தானாக அடங்கிவிட்டது. பாதித் தூக்கத்தில் நடக்கிற மாதிரி நடந்தோம்.

“அந்தா கெடக்கு பாருங்க.”

பாறையோடு பாறையாக, உள்ளங்கை அகலத்தில், தட்டையாக இருந்தது. முன்னங்கால் இரண்டும் நூலாக நீண்டு, எதையோ ஞாபகப்படுத்திப் பார்ப்பது போல் காற்றை மெல்லத் தடவிக்கொண்டிருந்தன. முதுகு நிறைய வெளிறிய குஞ்சுகள்.

“பொரிச்சு நாலு நாள்தாங்கம்மா ஆகுது. ஒண்ணு கீழ விழுந்தாலும் பொழைக்காது.”

அழகுமலை என் ஷூவுக்குப் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ தெரியாது. கடிகாரம், காலேஜ், கால்வலி எல்லாம் எங்கோ போய்விட்டன.

அது நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து தரைக்கு இறங்கியது. அந்த நூல் கால் என் கணுக்காலைத் தொட்டது, பட்டும் படாமலும்.

விஷம் கிடையாது என்று எனக்குத் தெரியும். என் காலுக்குத் தெரியவில்லை. தன்னால் எழும்பி ஓங்கி மிதித்துவிட்டது.

மிதிபட்டது, சட்டென்று குறுக்கே நீட்டிய அழகுமலையின் கை.

தாய் குஞ்சுகளோடு பாறை இடுக்கில் நுழைந்துகொண்டது. ஒன்றுகூட விழவில்லை. அவர் விரலில்தான் ரத்தம் கசிந்தது.

“மன்னிச்சிருங்க அழகுமலை. நான் போய் இப்படி...” அவமானமாக இருந்தது.

“விடுங்கம்மா. எல்லாருக்கும் அப்படித்தான். முத மொதல்ல ஒருத்தரை இங்க கூட்டியாந்தேன். ஒண்ணும் செய்யாதுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். மேல பட்டதும் மிதிச்சுட்டாரு. அதும் இதே மாதிரி முதுகு நெறையக் குஞ்சோட.”

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“வெறுங்காலா இருந்தா யாரும் எதையும் மிதிக்க மாட்டாங்கல்ல. ஆனா சும்மா சொன்னா ஒருத்தரும் கழட்டறதில்ல. அதான் ஓடையில கெடந்த கல்லைத் தூக்கியாந்து நானே மஞ்சளப் பூசி வச்சேன்.”

வெளியே வந்தோம். கீழிருந்து ஒரு குடும்பம் மூச்சிரைக்க ஏறி வந்துகொண்டிருந்தது. எல்லார் காலிலும் கனமான ஷூ.

“உள்ள என்னங்க இருக்கு?” என்று கேட்டார் அந்த அம்மா.

நான் கல்லுக்குப் பக்கத்தில் குனிந்து, என் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

“சாமி இருக்குங்க. கழட்டிட்டுப் போங்க.”